கொடுக்கனுக்கு யார் ஊட்டுவது?

ஒரு கரையான் புற்றில் கொடுக்கன் என்றொரு படைவீரன் இருந்தான். அவனுடைய வாயிலிருந்த கொடுக்கு அவ்வளவு பெரியது. அதனால் எதிரியைக் கடிக்கலாமே தவிர, தானாக ஒரு வாய் சாப்பிட முடியாது. வேலைக்காரக் கரையான் பொடிச்சிதான் வேளை தவறாமல் அவனுக்கு ஊட்டிவிடுவாள்.

ஒருநாள் பக்கத்துப் புற்றுக்காரர்கள் இந்தப் புற்றுக்காரர்கள் சாப்பிட வைத்திருந்த ஒரு துண்டு விறகை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புற்றே கொதித்தது.

"விடாதே கொடுக்கா! போய்க் கடித்துக் குதறிவிட்டு வா!" என்று எல்லாரையும்விட உரக்கக் கத்தியவள் பொடிச்சி.

போன சண்டைக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. ஆனாலும் கொடுக்கன் வாசலில் போய் நின்றான்.

"வாங்க அக்கா, கிளம்பலாம்."

"நானா? நான் எதுக்குடா?"

"சண்டை முடிய எத்தனை நாள் ஆகுமோ! அங்கே எனக்கு யார் ஊட்டுவது?"

அதுவரை கத்திக்கொண்டிருந்த, வீரர்களுக்கு ஊட்டுகிற மற்ற வேலைக்காரர்கள் எல்லாரும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள்.

பொடிச்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "ஒரு துண்டு விறகுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? யார்டா முதலில் கத்தினது?"

"நீங்கதான் அக்கா!"

"பேசாமல் வாயைத் திற. சாப்பாட்டு நேரமாச்சு."

கொடுக்கன் வாயைத் திறந்தான். ஆனால் சிரிப்பை அடக்க முடியாமல் முதல் வாயைக் கீழே சிந்திவிட்டான்.