டிராக்டர் வரும் நேரம்

காப்புக்காட்டின் ஓரத்தில், ஊர் வனக்குழு மான்களுக்காகக் கட்டிய சிமெண்டுத் தொட்டி வறண்டு கிடக்கிறது. தண்ணீர் டிராக்டர் வந்து போக வசதியாக இருக்கட்டும் என்று, மரங்களை விட்டு இருநூறு அடி தள்ளி வெட்டவெளியில் கட்டிவிட்டார்கள். தொட்டி விளிம்பில் நேற்றைய ரத்தம் கறுத்துக் காய்ந்திருக்கிறது. அதன்மேல் ஈ மொய்க்கிறது. சாயங்காலக் காற்று ஆம்பூர்ப் பக்கமிருந்து தோல் வாடையைக் கொண்டுவருகிறது. தோல் கழிவைத் தின்று கொழுத்த நாய்கள் ஏழு, பாறை நிழலில் முன்னங்கால்மேல் தாடையை வைத்துக் காத்திருக்கின்றன. குழுத் தலைவி ஜெயம்மாள் கல்லெறிகிறாள். அவை எழுந்து, நாலடி நகர்ந்து, மறுபடி படுத்துக்கொள்கின்றன.

“இன்னிக்கு தண்ணி வேணாம் ஆக்னஸ். நேத்தோட நாலு மான் போய்ட்ச்சு. நாமளே கூப்ட்டு நாய்க்கு குடுக்கற மாதிரி இருக்குது.”

“அதுக்குன்னு தாகத்துல சாவட்டுமாக்கா? உள்ள ஓடை காஞ்சி ரெண்டு மாசம் ஆவுது,” என்கிறாள் ஷூ கம்பெனிச் சீருடையோடு நேராக இங்கே வந்துவிட்ட ஆக்னஸ்.

ஜெயம்மாள், டிராக்டர் ஓட்டும் சுந்தர்ராஜைச் செல்போனில் அழைக்கிறாள். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

“வண்டி ஓட்டிக்கினு வர்றாரு. காதுல விழாதுக்கா.”

ஏரிக்கரைத் திருப்பத்தில் டிராக்டர் சத்தம் கேட்கிறது. ஜெயம்மாள் இரண்டு கைகளையும் தூக்கி, திரும்பிப் போகச் சொல்லி வீசுகிறாள். அவளுக்குப் பின்னால், கோடை முழுவதும் அந்தச் சத்தத்துக்குப் பழகிய புள்ளிமான்கள் ஒவ்வொன்றாகப் புதரை விலக்கிக்கொண்டு வெட்டவெளிக்கு வருகின்றன.

பாறை நிழலில் நாய்கள் எழுந்து சோம்பல் முறிக்கின்றன.