சீமைப்பலாவில் குருத்தோலை

பவளப்பாறை வாசலைத் தாண்டிக் காயலுக்குள் நுழைந்ததும் உருபி பாயை இறக்குகிறான். சாயங்கால வெயில் தண்ணீரின் அடிவரை இறங்கிக் கிடக்கிறது. வெண்மணலில் படகின் நிழல் கூடவே ஊர்ந்து வருகிறது. "விருந்துன்னு கூட்டிட்டு வந்தீங்க, ஒரு அடுப்புகூட புகையலையே அண்ணே?" என்று சிரிக்கிறான் பக்கத்துத் தீவிலிருந்து துணைக்கு வந்த ரெவி. உருபி கரையையே பார்க்கிறான். அவன் வீட்டுச் சீமைப்பலாவில் குருத்தோலை கட்டியிருக்கிறது. சாவு விழுந்த வீட்டு மரத்தில்தான் அப்படிக் கட்டுவார்கள். அந்த வீட்டில் இருப்பது அவன் மனைவி லெதாலி மட்டும்தான். புறப்பட்டபோது அவளுக்குக் காய்ச்சல். போகும் வழியில் புயல் துடுப்பைப் பிடுங்கிக்கொண்டு போக, பக்கத்துத் தீவில் புதிதாகச் செதுக்கி, காற்றுக்குக் காத்திருந்து திரும்ப ஒரு மாதமாகிவிட்டது.

இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து ஓடுகிறான். வாசலில் லெதாலி உட்கார்ந்திருக்கிறாள், உயிரோடு, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு. அவள் முன்னால் பவளக்கற்கள் பரப்பிய புது மேடு. அதன் தலைமாட்டில் அவனுடைய பழைய துடுப்பு நட்டு நிற்கிறது. பிடியில் அவன் செதுக்கிய சுறாப்பல் அப்படியே இருக்கிறது.

"பேயே, கிட்ட வராத! உன்னப் புதைச்சாச்சு. கரைக்கு வந்தது அந்தத் துடுப்பு மட்டும்தான், அதத்தான் புதைச்சோம்."

"நான்தான்டி, லெதாலி..."

மேட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்து அவன்மேல் வீசுகிறாள். நெற்றியில் பட்டதும் "அம்மா!" என்று கத்துகிறான். புருவத்தில் ரத்தம் மெல்ல இறங்குகிறது. அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் லெதாலி. அடுத்த கல்லை எடுத்த கை உயர்த்தியபடியே நிற்கிறது.