குற்றாலத்தில் மாஜிக் தினம்

வேல்சாமி திரையை விலக்கி எட்டிப் பார்த்தான். சாரலையும் பொருட்படுத்தாமல் குற்றாலத்துக் கொட்டகை நிரம்பி வழிந்தது. மாஜிக் சூனியமில்லை, ஒரு கலைதான் என்று ஊருக்கு உணர்த்த வித்தைக்காரர் சங்கம் வருஷந்தோறும் கொண்டாடும் நாள் அது. 1937-ஆம் வருஷத்துக் கொண்டாட்டத்தில், ஆளை இரண்டாக அறுக்கும் வித்தையைச் செய்ய அவனுக்கும் மனைவி குழல்வாய்மொழிக்கும் மேடை கிடைத்திருந்தது.

"ஏட்டி, கூட்டத்தப் பாத்தியா? எனக்கு மேலெல்லாம் புல்லரிக்குது!"

"எனக்குப் பயமா இருக்குது அத்தான்."

"வீட்டுல நூறு தடவ செஞ்சு பாத்தாச்சுல்லா? பெறகென்ன பயம்?"

"அங்கன நாம ரெண்டு பேருதான். இங்கன ஊரே பாக்குது. கொஞ்சம் பிசகுனா உசிருல்லா போயிரும்?"

"பிசகாது. பெட்டியச் செஞ்சது இந்தத் தச்சன் கைதான். ரெண்டு வருஷமா சங்கத்துக்கு நடையா நடந்து வாங்குன மேடைட்டி இது. தைரியமா வா."

மணி அடித்தது. திரை உயர்ந்தது. "தென்காசியின் புதிய மாஜிக் நிபுணர்!" என்று சங்கத்துத் தலைவர் முழங்கினார்.

வேல்சாமி சபைக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டான்.

குழல்வாய்மொழி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ரம்பத்தைக் கையில் எடுத்தாள். கூட்டம் வாயைப் பிளந்தது.

பெட்டி இரண்டானது, மறுபடி ஒன்றானது. அவள் மூடியைத் திறந்தாள். கைதட்டல் எழுவதற்குள் உள்ளேயிருந்து துள்ளி எழுந்தவன் அவளைக் காட்டிக் கத்தினான்:

"நல்லாப் பாத்துக்கிடுங்க, எம் பொண்டாட்டில்லா!"