பக்கத்து நாற்காலியின் நீல பாட்டில்

பெரம்பலூர் நூலகத்தின் வாசிப்பறையில் காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் கிடத்தியிருக்கிறது. போட்டித் தேர்வுப் புத்தகத்தில் ஆர்த்தி ஒரு கேள்வியில் நிற்கிறாள்: தெரு நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்திருக்கிறது, இதில் சொல்லாமலே நம்பப்பட்டது எது? 'வேறு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை' என்பதைப் பென்சிலால் வட்டமிடுகிறாள். பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. அது கலைமணியின் இடம். பாடாலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, தன் நீல பாட்டிலை வைத்து ஆர்த்திக்கும் இடம் பிடித்துவிடுவாள். முதல்நிலைத் தேர்வில் ஆர்த்தி மட்டும் தேறிய மறுநாள் பாட்டிலைக் காணோம். பொறாமை என்று முடிவு கட்டிய ஆர்த்தி, "ஏண்டி, இங்க வாயேன்" என்று கலைமணி கூப்பிட்டும் திரும்பாமல் மூலையில் போய் உட்கார்ந்தாள். அந்த வாரத்தோடு கலைமணி வருவதை நிறுத்திவிட்டாள், போனையும் எடுப்பதில்லை. இப்போது உதவியாளர் சிங்காரவேலு, ஆளில்லாத இருக்கைகளிலிருந்து பாட்டில்களைப் பொறுக்கி வாளியில் போட்டபடி வருகிறார். "பாட்டிலா பரீட்ச எழுதப் போவுது? ரிசல்ட்டு வந்த மறுநா இப்படித்தான் அந்தப் பாடாலூர் புள்ளயோட நீல பாட்டில எடுத்துட்டேன். 'அய்யோ, அது எங்க ஆர்த்திக்குண்ணே'ன்னு என்னா சண்ட!" ஆர்த்தியின் பென்சில் நிற்கிறது. தன் பாட்டிலை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைக்கிறாள். "இது யாருக்கும்மா?" என்று அவர் கை நீட்டுகிறார். "கலைமணி வருவா, அண்ணே" என்கிறாள், பாட்டிலின் மேல் வைத்த கையை எடுக்காமல்.