மாப்பிள்ளை கட்டிய பிளாட்பாரம்

இதில் ஒரு காற்புள்ளிகூடப் பொய் கிடையாது. எந்தக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டாலும் வந்து சொல்லத் தயார்.

"ஐயையோ, என் வழியை நானே ஒட்டிட்டேனே!"

லிஃப்ட்காரர் போட்ட கூச்சலில் அடுப்படியிலிருந்து மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். பசை ஒழுகிய பனியனோடு மேசையின் நடுவே மனுஷன் மலங்க மலங்க விழித்துக்கொண்டிருந்தார்.

அறையையே அடைத்துக்கொண்ட சதுர மேசை அது. மேலே பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம், மலை, பாலம், குகை. நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஓட்டை. அதற்குள் நின்றுதான் ரயில் விடுவார். உள்ளே போக, வர, மளிகைக் கடையில் இருக்குமே, அதுபோல் தூக்கி மடக்கும் பலகை ஒன்று. மேசைக்கு அடியில் சுற்றிவர அட்டைப் பெட்டிகள். புதிதாகச் செய்த ஸ்டேஷன் பிளாட்பாரத்தை அந்தப் பலகையோடு இரண்டு பக்கத்து மேசையையும் சேர்த்து ஒட்டிவிட்டார். மரப்பசை கல்லாகிவிட்டது.

"ரம்பத்தால அறுத்துட்டு வாங்க."

"எதை? இதையா?" உப்புத்தாளில் தார்த் தரை, தீக்குச்சியில் பெஞ்சு, காது குடையும் குச்சியில் விளக்குக் கம்பம். "அதுக்கு என்னை அறு."

"லிஃப்ட்ல மாட்டினவங்களையெல்லாம் வெளியே இழுத்துப் போட்ட மனுஷன்! நாளைக்கு எங்க அண்ணன் வர்றான். மேசையைக் கழட்டிட்டு ரூமை அவனுக்குக் குடுக்கணும்னு சொன்னேனா இல்லையா?"

சொல்லியிருந்தாள். அதை நினைத்தாலே அவருக்கு மூச்சு முட்டியது. மச்சான் ஜெயில் வார்டனாக இருந்து ஓய்வுபெற்றவர். போன தடவை இரண்டு நாள் தங்க வந்து, மழைக்காலம் முடிந்த பிறகுதான் கிளம்பினார். இருட்டியதும் விளக்கணைப்பு. எல்லாக் கதவையும் பூட்டிச் சாவிக்கொத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் "யாரது?" என்பார். இந்த முறை ஒரேயடியாக வருகிறார். சொந்த வீடு இருக்கிறது. அதில் அதட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

அன்று சாப்பாடு தட்டோடு மலையைத் தாண்டி உள்ளே போனது. மற்ற விஷயங்களுக்கு என்ன செய்தார் என்று கேட்காதீர்கள். இது குடும்பத்தோடு படிக்கிற கதை.

மறுநாள் மச்சான் இரும்புப் பெட்டியும் படுக்கைச் சுருட்டுமாக வந்து இறங்கினார். சலவைச் சட்டையும் படிய வாரிய தலையுமாக லிஃப்ட்காரர் ஓட்டைக்குள்ளிருந்தே வரவேற்றார்.

"வாங்க மச்சான். வாசலுக்கு வந்து கூப்பிட முடியாத நிலைமை."

"எத்தனையோ பேரை உள்ளே வச்சுப் பூட்டியிருக்கேன் மாப்பிள்ளை. தன்னைத்தானே உள்ளே வச்சுக்கிட்ட ஆளை இப்பத்தான் பாக்கறேன்! எங்கே அந்த ரம்பம்?"

"தாராளமா அறுங்க. கீழே கரண்ட் ஒயர் ஓடுது, அவ்வளவுதான்."

மச்சானின் கை பின்வாங்கியது. மேசைக்கு அடியில் சுவர்போல் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளைப் பார்க்கக் குனியப் போனார்.

"குனியாதேண்ணா, உன் இடுப்பு!" என்று அலறினாள் தங்கை.

"அப்ப நான் எங்கே படுக்கறது?"

"ஹால்ல படுத்துக்கோ. ராத்திரி பூரா ரயில் ஓடும். அவருக்கும் உள்ளே பொழுது போகணுமில்ல? விசில்தான் கொஞ்சம் காதைத் துளைக்கும்."

மச்சானுக்கு முகம் சிவந்தது. "அவர் பிளாட்பாரத்தைக் காப்பாத்த, என்னைப் பிளாட்பாரத்துல படுக்கச் சொல்றியா? உனக்கு அண்ணன் பெரிசா, தீக்குச்சி பெஞ்சு பெரிசா?"

"நான் என்னண்ணா பண்ணுவேன்? உள்ளே மனுஷனை வச்சுக்கிட்டு மேசையைக் கழட்ட முடியுமா?" அவள் மூக்கை உறிஞ்சினாள்.

பெட்டி தரையிலிருந்து எழும்பியது. வாசல் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. மனைவி பார்த்துவிடக் கூடாதே என்று அதை அப்படியே விழுங்கி, முகத்தை இழவு வீடாக்கிக்கொண்டார். "பாவம் உன் அண்ணன். நான் மாட்டிக்கிட்டதால அவருக்குக் கஷ்டம்."

அவள் ஜன்னலில் நின்று, அண்ணன் தெருமுனை திரும்பும் வரை பார்த்தாள். பிறகு கூடத்தில் இரண்டு தட்டு எடுத்து வைத்துக் குரல் கொடுத்தாள்:

"சாப்பிட வாங்க, விடிகாலையில குளிக்கத் தவழ்ந்து போனீங்களே, அதே வழியா!"