பறிபோன குக்கர்

"என்ன வாசனை?" என்று கேட்டபடி அறைக்குள் நுழைந்தார் ஹாஸ்டல் வார்டன். கட்டிலுக்கடியிலிருந்து ஆவி வந்தது.

"பருப்பும் கேரட்டும் மேடம். மெஸ்ல எல்லாம் ஒரே எண்ணெய், வெளியில சாப்பிட்டா கட்டுப்படியாகல," என்றாள், அறையிலிருந்த இருவரில் ஒல்லியாக இருந்தவள்.

"ரூம்ல கரண்ட் குக்கர் வைக்கக் கூடாதுன்னு தெரியாதா?"

வெந்தும் வேகாத பருப்போடு குக்கரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில், வார்டன் கூப்பிடுவதாக ஆள் வந்தது. ஹாஸ்டலை விட்டே அனுப்பிவிடுவாரோ என்று ஒல்லியும் அறைத்தோழியும் பயந்துகொண்டே போனார்கள்.

வார்டன் அறையில் குக்கர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் மூன்று தட்டுகள்.

"உங்க ரூம் ஒயர் பழசு, பத்திக்கும். இனிமே இங்க வந்து சமைங்க. உப்பு போட மறந்திருந்தீங்க, போட்டுட்டேன்."

ஒல்லி ஒரு தட்டை எடுத்துக்கொண்டாள். "ரொம்ப நன்றி மேடம்."

"அது இருக்கட்டும். நாளைக்கு ரெண்டு கேரட் கூடப் போடுங்க. எனக்கும் அதே மெஸ் சாப்பாடுதான்."