மூங்கில் அலமாரி

மண்ணில் மக்காத பிளாஸ்டிக், பாலிஷ், ஆணி என்று ஒவ்வொன்றாக வீட்டைவிட்டுத் துரத்திய ஜெபசிங், கடைசியில் தனக்கென்று மூங்கிலில் ஒரு சவப்பெட்டியும் முடையச் சொல்லி வாங்கிவந்தார். "அதுவரைக்கும் சும்மா கிடப்பானேன்?" என்று அதை ஹாலில் நிமிர்த்தி, தட்டுகள் செருகிப் புத்தக அலமாரியாக்கினார். வருகிறவர்களெல்லாம் "எங்க வாங்கினீங்க?" என்று ஆசையாகத் தடவிப் பார்த்தார்கள். மனைவி ரெஜினாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அவர் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம், புத்தகங்களை இறக்கி, தட்டுகளை உருவிவிட்டு, உள்ளே ஏறி நின்று பார்த்தாள். உச்சந்தலை மேல்விளிம்பை லேசாகத் தொட்டது. தோள்கள் இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்தின. ஜெபசிங் அவளைவிட ஒரு சாண் உயரம். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவளால் அசைய முடியவில்லை.

"சரியாத்தானே இருக்கு, ரெஜினா?" என்றார், துணிப்பையிலிருந்து கீரைக்கட்டை எடுத்து வைத்தபடியே.